விலை வேண்டாம், வாங்க ஆள் வேண்டும்

எங்கள் வீட்டில் மக்காச்சோளம் விலை ஏறினால் அப்பா முகம் இறங்கிவிடும். நாமக்கல் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. கோழி தின்பதில் பாதி மக்காச்சோளம்தான். லோடு இறக்க வருகிறவர் சொல்லும் ரேட்டைக் கேட்ட பிறகுதான் தீபாவளிக்குத் துணி எங்கே எடுப்பது என்பது முடிவாகும். அதனால், அமெரிக்க மக்காச்சோள விவசாயிகளைப் பற்றிப் பேச என்னை அழைத்தபோது, நான் வாங்குகிற கட்சி, விளைவிக்கிற கட்சி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பரவாயில்லை, வாருங்கள் என்றார்கள். என் பேச்சில் சாய்வு தெரிந்தால் அது கோழிப்பக்கச் சாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தை முதலில் பார்த்துவிடுவோம். அயோவா என்றொரு மாநிலம். பரப்பில் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரியது. மக்கள் 32 லட்சம். நம் கோவை மாவட்டத்து ஜனத்தொகைகூட இல்லை. அங்கே சுமார் 1.3 கோடி ஏக்கரில் மக்காச்சோளம் நிற்கிறது. இலினாய், நெப்ராஸ்கா, மினசோட்டா, இந்தியானா என்று நாடு முழுவதையும் சேர்த்தால் 9 கோடி ஏக்கர். 2023-இல் அறுவடை 1,530 கோடி புஷல். ஒரு புஷல் 25.4 கிலோ, நம் கணக்கில் கால் குவிண்டால். அப்படியென்றால் சுமார் 39 கோடி டன். இந்தியா முழுக்க விளைவது அதில் பத்தில் ஒரு பங்கு.

இவ்வளவையும் மனிதர்கள் தின்று தீர்க்க முடியாது. அவித்து உப்புத் தடவித் தின்கிற கதிரும் அல்ல இது. செடியிலேயே காய்ந்து, கடித்தால் பல்லைப் பதம் பார்க்கிற தீவனச்சோளம். மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் ஒரு பங்கு. ரயிலேறி மெக்சிகோவுக்கும் கப்பலேறி ஜப்பானுக்கும் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாராய ஆலைக்கு. சாராயம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். எத்தனால் என்பது அதுதான். யாரும் குடித்துவிடக் கூடாது என்று ஆலையிலேயே கொஞ்சம் பெட்ரோலைக் கலந்துவிடுவார்கள். ஒரு புஷலை அரைத்து, வேகவைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து வடித்தால் கிட்டத்தட்ட 11 லிட்டர் எத்தனால் கிடைக்கும். மாவுச்சத்து போக மிஞ்சும் சக்கையில் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. அதை உலர்த்தினால் சுமார் 7 கிலோ மாட்டுத்தீவனம். உணவை எரிக்கிறீர்களே என்று யாராவது கேட்டால் அயோவாக்காரர் இந்தத் தீவனக் கணக்கைத்தான் முதலில் எடுத்து வைப்பார். அது நியாயமான கணக்கு என்பதை எதிர்க்கட்சியில் இருக்கும் நானே ஒப்புக்கொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

1977-இல் கொலராடோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற சிற்றூரில் விவசாயிகள் கூடி ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அமெரிக்க வேளாண்மை இயக்கம் என்று பெயர். முக்கியமான கோரிக்கை: எங்கள் விளைச்சலுக்குச் ‘சமநிலை விலை’ கொடு. அதாவது, 1910 முதல் 1914 வரை ஒரு மூட்டை தானியத்தை விற்று ஒரு விவசாயி எதையெல்லாம் வாங்க முடிந்ததோ, அதையெல்லாம் இன்றும் வாங்க முடிய வேண்டும். நம் ஊரில் குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்டம் கேட்கிறவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. 1979 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கான டிராக்டர்களோடு வாஷிங்டனுக்கே வந்து இறங்கினார்கள். நகரத்தார் எரிச்சலடைந்தார்கள். போலீசார் டிராக்டர்களை நாடாளுமன்றத்துக்கு முன்னாலுள்ள திடலில் வளைத்து நிறுத்தினார்கள். பிறகு ஒரு பனிப்புயல் அடித்தது. ஊர் முடங்கியது. முழங்கால் பனியில் கார் எதுவும் நகரவில்லை, டிராக்டர் நகர்ந்தது. அதே விவசாயிகள்தான் தெருக்களில் பனியை வாரினார்கள், டாக்டர்களையும் நர்சுகளையும் ஏற்றிக்கொண்டுபோய் மருத்துவமனையில் விட்டார்கள். நகரம் நன்றி சொன்னது. சமநிலை விலையை மட்டும் கொடுக்கவில்லை.

அடுத்த வருடம், 1980 ஜனவரியில், ஆப்கானிஸ்தானுக்குள் படை அனுப்பிய சோவியத் நாட்டைத் தண்டிக்க அதிபர் கார்ட்டர் தானிய ஏற்றுமதியை நிறுத்தினார். கப்பலேற வேண்டிய 1.7 கோடி டன் தானியம் வாங்க ஆளில்லாமல் நின்றது. வட்டி 20 சதவீதத்தைத் தொட்டது. 1981-க்கும் 1986-க்கும் இடையில் அயோவாவில் நிலத்தின் விலை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சரிந்தது. நிலத்தை ஈடுவைத்து நிலம் வாங்கியவர்கள் இரண்டையும் இழந்தார்கள். ஏலத்துக்கு வந்த பண்ணைகளுக்காக அக்கம்பக்கத்தார் வெள்ளைச் சிலுவைகளை நட்டு வைத்தார்கள்.

அந்தத் தலைமுறை அதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டது. இன்று நான் சொல்ல வந்ததும் அதைப் பற்றித்தான். விலையைக் கொடு என்று அரசிடம் கேட்டால், கஜானாவிலிருந்து பணம் போகும்; ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டில் அது தெரியும்; ஒரு நாள் வெட்டிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, எங்கள் சரக்கை வாங்கியே ஆக வேண்டும் என்று இன்னொருவனைக் கட்டாயப்படுத்து என்று கேட்டால்? கஜானாவிலிருந்து ஒரு பைசா போகாது. விலை சந்தை கொடுத்ததுபோலவே இருக்கும்.

முதலில் கிடைத்தது வரிச்சலுகைதான். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1978-இல், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, அதிலுள்ள எத்தனாலின் ஒவ்வொரு காலனுக்கும் 40 சென்ட் என்ற அளவில் வரி விலக்கு. அதன் பெரும்பயனை அந்த நாளில் அனுபவித்தது விவசாயி இல்லை; இலினாயின் டிகேட்டர் நகரிலிருந்த ஏடிஎம் என்ற தானிய நிறுவனம். பிறகு மினசோட்டா ஒரு நல்ல காரியம் செய்தது. மாநிலத்துக்குள் உற்பத்தியாகும் எத்தனாலுக்குக் காலனுக்கு 20 சென்ட் ஊக்கத்தொகை கொடுத்தது. பென்சன் போன்ற சிற்றூர்களில் விவசாயிகள் பங்குபோட்டு, கூட்டுறவாகச் சொந்த ஆலை கட்டினார்கள். தன் களத்திலிருந்து லாரியில் ஏற்றிய சோளம் தன் ஆலைக்கே போனது. சோளம் விலை விழுந்தால் ஆலையில் லாபம், ஏறினால் வயலில் லாபம். 2000-களில் அயோவாவிலும் நெப்ராஸ்காவிலும் எழுந்த பல ஆலைகளுக்கு இதுதான் மாதிரி. மக்காச்சோள விவசாயிகள் எத்தனாலுக்காக மல்லுக்கட்டுகிறார்கள் என்று கேட்கும்போது, அவர்களில் பலர் ஆலையின் பங்குதாரர்களும்கூட என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு கதவு கலிபோர்னியாவில் திறந்தது. காற்று மாசைக் குறைக்க பெட்ரோலில் எம்டிபிஈ என்ற வேதிப்பொருளைக் கலந்துவந்தார்கள். 1996-இல் சான்டா மோனிகா நகரத்தின் குடிநீர்க் கிணறுகளில் அது இறங்கியிருப்பது தெரிந்தது. கலிபோர்னியா அதைத் தடைசெய்தது, மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. அந்த இடத்துக்கு உடனே கிடைக்கக்கூடிய மாற்று ஒன்றுதான் இருந்தது.

பிறகு வந்தது பெரிய வெற்றி. 2005-இல் ஒரு சட்டம், 2007 டிசம்பரில் அதைவிடப் பெரிய சட்டம். இராக் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அரபு எண்ணெய் வேண்டாம் என்றவர்கள், புவி வெப்பமாவதைத் தடுக்க வேண்டும் என்றவர்கள், சோளத்தை விற்க வேண்டும் என்றவர்கள், மூவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். அதிபர் புஷ் கையெழுத்திட்டார். 2022-க்குள் 3,600 கோடி காலன் தாவர எரிபொருளை நாட்டின் எரிபொருளில் கலந்தாக வேண்டும். அதில் மக்காச்சோள எத்தனாலுக்கான இடம் 1,500 கோடி காலன் வரை. கலக்க வேண்டிய பொறுப்பு எண்ணெய் நிறுவனங்களுடையது. ஒவ்வொரு காலனுக்கும் 38 இலக்க எண் ஒன்று. போதுமான எண்களைக் காட்டினால் கடமை தீர்ந்தது. இல்லையென்றால் அதிகம் வைத்திருப்பவனிடம் விலைக்கு வாங்க வேண்டும். ரேஷன் கார்டு மாதிரிதான், சரக்கை வாங்கியே தீரவேண்டிய ரேஷன் கார்டு.

சட்டத்தின் மீதிப் பாதி, தண்டிலிருந்தும் தட்டையிலிருந்தும் புல்லிலிருந்தும் எத்தனால் எடுப்பது. அயோவாவில் இரண்டு ஆலைகள் ஆரவாரமாகத் தொடங்கின, எம்மட்ஸ்பர்க்கில் ஒன்று, நெவாடா என்ற ஊரில் ஒன்று. இரண்டும் சில ஆண்டுகளில் நின்றுபோயின. சுற்றுச்சூழல்காரர்களுக்குக் கொடுத்த வாக்கு அது. அவர்களுக்கு வந்து சேரவில்லை.

இத்தனையும் சாதித்தவர்கள் எத்தனை பேர்? 1957-இல் அயோவாவின் பூன் என்ற ஊரில் தொடங்கிய தேசிய மக்காச்சோள விவசாயிகள் சங்கத்தில் சந்தா கட்டும் உறுப்பினர்கள் சுமார் 40 ஆயிரம். நம் ஊரில் ஒரு பேரூராட்சி அளவு. ஆனால் ஒழுங்கு அபாரம். அயோவாவில் விற்கிற ஒவ்வொரு புஷலிலிருந்தும் ஒரு சென்ட் பிடித்தம். அந்தப் பணத்தை ஆராய்ச்சிக்கும் சந்தை தேடவும் செலவழிக்கலாம், அரசியல்வாதியைப் பார்க்கச் செலவழிக்கக் கூடாது. அதற்குத் தனியாக உறுப்பினர் சந்தா. ஒவ்வொரு ஜூலையிலும் மாநிலப் பிரதிநிதிகள் வாஷிங்டனில் கூடுவார்கள். கூடிவிட்டு நேராக எம்பிக்களின் அறைக்கதவைத் தட்டுவார்கள். செனட்டில் அயோவாவின் 32 லட்சம் பேருக்கும் இரண்டு உறுப்பினர்கள், கலிபோர்னியாவின் கிட்டத்தட்ட 4 கோடிப் பேருக்கும் இரண்டு உறுப்பினர்கள் என்பதும் சும்மா இல்லை. 1981-லிருந்து அயோவாவின் செனட்டராக இருக்கும் சக் கிராஸ்லி, தாமே பண்ணைக்காரர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அதிபர் தேர்தலின் முதல் படி பல பத்தாண்டுகள் அயோவாவில்தான் இருந்தது. வேட்பாளராக நினைப்பவர் ஜனவரிக் குளிரில் அங்கே போய்ச் சோளத்தைப் புகழ வேண்டும். முன்னாள் துணை அதிபர் அல் கோர் 2010-இல் ஏதென்ஸில் பேசும்போது இதை ஒளிக்காமல் சொன்னார்: மக்காச்சோள எத்தனாலை ஆதரித்தது தப்பு, அதிபர் தேர்தலில் நிற்கப் போகிறோம் என்பதால் அயோவா விவசாயிகள் மீது தனிப் பாசம் இருந்தது. பதவி போன பிறகு வருகிற நேர்மைக்கும் ஒரு மதிப்பு உண்டு.

அயோவாவின் இந்த ஜம்பம் ஒருமுறை சறுக்கியது. 2016-இல் டெக்சாஸ் செனட்டர் டெட் குரூஸ், எண்ணெய் மாநிலத்துக்காரர், இந்தக் கலப்புக் கட்டாயம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அயோவாவுக்கு வந்தார். மாநில ஆளுநர் பிரான்ஸ்டாட், சொந்தக் கட்சிக்காரர், இவரைத் தோற்கடியுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். குரூஸ் ஜெயித்தார். சோளம் இனிமேல் வாக்கு வாங்கித் தராது என்று பத்திரிகைகள் எழுதின. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஜெயித்த பிறகும் குரூஸால் அந்தச் சட்டத்தில் ஒரு கமாவைக்கூட எடுக்க முடியவில்லை. மறு வருடம், அயோவா வேளாண் செயலராக இருந்த பில் நார்தி மத்திய வேளாண் துறைப் பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, அதை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கத்தான் அவரால் முடிந்தது.

அப்படியானால் வெற்றி முழுமையா? இல்லை. சட்டத்தால் பிறந்த வாங்குபவனைச் சட்டத்தாலேயே தினமும் காவல் காக்க வேண்டும். அதுதான் இந்த ஏற்பாட்டின் சாபம். எண்ணெய் நிறுவனங்களை எதிர்த்து அல்ல, சட்டத்திலுள்ள ஒரு சிறு ஓட்டையை எதிர்த்தே பாதி நேரம் போகிறது. சிறிய சுத்திகரிப்பு ஆலைகள் கஷ்டம் என்று சொன்னால் விலக்கு கேட்கலாம். 2019 ஆகஸ்டில் டிரம்ப் அரசு ஒரே வீச்சில் 31 விலக்குகள் கொடுத்தது. அவருக்கு வாக்களித்த அதே விவசாயிகள் கொதித்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் சீனாவோடு நடந்த வர்த்தகச் சண்டைக்கு நஷ்டஈடு என்று சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலரும் மக்காச்சோளத்துக்கு 1 சென்ட்டும் கொடுத்திருந்தார்கள். ஒரு சென்ட். பிடித்தம் போனால் மிச்சம் சுழி.

அடுத்தது கோடைக்காலத் தடை. பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் எத்தனால். அதைத் தாண்டினால்தான் விற்பனை கூடும். 2001 முதல் வந்த கார்களுக்கு 15 சதவீதக் கலப்பு ஏற்றது என்று அனுமதியும் உண்டு. ஆனால் வெயில் காலத்தில் எரிபொருள் ஆவியாகிப் புகைமூட்டம் உண்டாகும் என்ற பழைய விதியால் ஜூன் முதல் செப்டம்பர் நடு வரை அதை விற்க முடியாமல் இருந்தது. இத்தனைக்கும் 15 சதவீதக் கலப்பு, 10 சதவீதக் கலப்பைவிடக் கூடுதலாக ஆவியாவதில்லை. பத்துக்குச் சட்டம் சலுகை கொடுத்தது, பதினைந்துக்குக் கொடுக்க மறந்துவிட்டது, அவ்வளவுதான். 2019-இல் டிரம்ப் அரசு விதியைத் தளர்த்தியது. 2021-இல் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. 2022 ஏப்ரலில் பைடன் அயோவாவின் மென்லோ ஊரிலுள்ள ஆலையில் நின்று அவசரகால விலக்கு அறிவித்தார். பேசும்போது அவர் கோட்டில் ஏதோ விழுந்தது. பறவை எச்சம் என்று நாடே சிரிக்க, அது சோளத்துகள் என்று வெள்ளை மாளிகை விளக்கம் சொன்னது. அதன் பிறகு 2025 வரை ஒவ்வொரு கோடைக்கும் தனித்தனியாக விலக்கு வாங்கினார்கள். 2024 டிசம்பரில் நிரந்தரத் தீர்வு ஒரு செலவு மசோதாவுக்குள் ஏறிவிட்டது. கடைசி நாட்களில் மசோதாவைச் சுருக்கியபோது அதுவும் கீழே விழுந்தது.

இனி என் கட்சிக்காரர்களின் வழக்கு. 2012 கோடையில் பெரும் வறட்சி. மக்காச்சோளம் புஷல் 8 டாலரைத் தாண்டியது. கோழி, பன்றி, மாடு வளர்ப்பவர்கள், ஆர்கன்சா, வட கரோலினா ஆளுநர்கள், எல்லோரும் ஒரு வருடத்துக்காவது கட்டாயத்தை நிறுத்துங்கள் என்று கெஞ்சினார்கள். நவம்பரில் மறுப்பு வந்தது. பயிர் பொய்த்த வருடத்திலும் பெட்ரோல் டேங்குக்கு முதல் பங்கு, கோழிக்கு மிச்சம். இதைக் கேள்விப்பட்டபோது அப்பா சொன்னது இங்கே சொல்லத் தக்கதல்ல.

சரி, விலை ஏறியதே, விளைவித்தவனாவது வாழ்ந்தானா? இதில்தான் எனக்கு உண்மையான சந்தேகம். அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் நிலவிலைக் கணக்கெடுக்கிறது. 2006-இல் ஏக்கர் சராசரியாக 3,200 டாலர், 2013-இல் 8,700. அங்கே விளைநிலத்தில் பாதிக்கு மேல் குத்தகை நிலம். சோளம் விலை ஏறினால் குத்தகை ஏறுகிறது. விலை இறங்கும்போது குத்தகை அதே வேகத்தில் இறங்குவதில்லை. எத்தனாலின் லாபம் வேர்வழியாக மண்ணுக்குள் போய், மண்ணின் சொந்தக்காரர் பெயரில் பத்திரமாகிவிட்டது. அந்தச் சொந்தக்காரர் பலநேரம் நகரத்தில் குடியிருக்கும் ஒரு விதவை, அல்லது அண்ணன் தம்பி மூவர். உழுகிறவன் இன்னும் புஷலுக்கு 4 டாலர் சுற்றுவட்டத்தில் நின்றுகொண்டு விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்குகிறான்.

ஆகவே எத்தனால் கட்டாயம் கிடைத்த பிறகும், பழைய விலைப் பேச்சு ஓயவில்லை. விலை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அரசு ஈடுகட்டும் திட்டம் ஒன்று பண்ணைச் சட்டத்தில் இருக்கிறது. அந்த அளவு புஷலுக்கு 3.70 டாலராக இருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை 4.10 ஆக்கியது. பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல் அரசு கட்டுகிறது. 1979-இல் டிராக்டரில் வந்து கேட்டதன் ஒரு துண்டு, வேறு பெயரில்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. அயோவாவின் தலைநகர் டெமாயின் ஆற்று நீரைக் குடிக்கிறது. வயல்களில் போட்ட உரத்தின் நைட்ரேட் அதில் வந்து சேருகிறது. நகரக் குடிநீர் வாரியம் 2015-இல் மேலே உள்ள மூன்று மாவட்டங்கள்மீது வழக்குப் போட்டது, 2017-இல் தள்ளுபடி. 2025 ஜூனில் நைட்ரேட்டைப் பிரித்துத் தீரவில்லை என்பதால் புல்வெளிக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அந்தப் பகுதிக்கே தடை போட்டார்கள். எத்தனாலால் கரிமம் குறைகிறதா கூடுகிறதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னமும் மோதிக்கொள்கிறார்கள். நைட்ரேட்டில் அப்படி மோதல் இல்லை.

இப்போது மின்சாரக் கார் வருகிறது. டேங்கே இல்லாத வண்டிக்கு எதைக் கலப்பது? விவசாயிகளின் சங்கம் வானத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. விமான எரிபொருளாக எத்தனால். அதற்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் ஆலையின் கரிமக் கணக்கு குறைய வேண்டும். ஆலையில் புளிக்கும்போது வெளியேறும் கரியமில வாயுவைக் குழாயில் பிடித்து வடக்கு டகோட்டாவில் பூமிக்கடியில் புதைப்பது ஒரு திட்டம். குழாய் யார் நிலத்தின் வழியாகப் போகும்? அங்கேதான் சோளக்காரனும் சோளக்காரனும் எதிரெதிரே நின்றார்கள். ஆலையில் பங்கு வைத்திருப்பவர் குழாய் வரட்டும் என்கிறார்; தாத்தா காலத்து வயலைக் கையகப்படுத்த விடமாட்டேன் என்கிறார் பக்கத்து வயல்காரர். தெற்கு டகோட்டாவில் பின்னவர் ஜெயித்தார்: அப்படிப்பட்ட குழாய்க்காக நிலத்தைக் கட்டாயமாக எடுக்கக் கூடாது என்று 2025 மார்ச்சில் சட்டமே வந்துவிட்டது. அதே மாதிரி மசோதா அயோவாவில் நிறைவேறியபோது ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார்.

உள்ளூரில் வாங்குபவன் தேங்கினால் வெளியூரில் தேட வேண்டும். 2025 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தகச் செயலர் ஹோவர்ட் லுட்னிக் ஒரு பேட்டியில் ஆதங்கப்பட்டார்: 140 கோடிப் பேர் இருக்கிறோம் என்கிறது இந்தியா, எங்களிடம் ஒரு புஷல் சோளம் வாங்கக் கூடாதா? கேட்பவர் அவர், வாசகம் அயோவாவுடையது. அவர்கள் சோளத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்றப்பட்டது, நாம் அதை விடுவதில்லை. எரிபொருளில் கலக்க வெளிநாட்டு எத்தனாலையும் விடுவதில்லை. நாமும் அதற்குள் 20 சதவீதக் கலப்புக்கு வந்துவிட்டோம். கரும்போடு மக்காச்சோளமும் ஆலைக்குப் போகத் தொடங்கி, ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்தது. அயோவாவின் கதை, நம் மக்காச்சோளம் விளையும் பெரம்பலூருக்குப் பஸ் ஏறிவிட்டது.

போன வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இந்த ஒரு புஷல் பேச்சைச் சொன்னேன். பத்தாயிரம் கோழிக்கு ஒரு நாளைக்கு 1,100 கிலோ தீவனம். அதில் பாதி சோளம். நம் கொட்டகையே தினம் 22 புஷல் தின்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். மரபணு, சட்டம், செனட் எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

“நாமக்கல்லுல வந்து இறங்குனா என்ன ரேட்டு ஆகும் கண்ணு?” என்றார்.

இப்போதைக்கு வராதுப்பா என்றேன்.

“அப்பப் பெரம்பலூர்க்காரன் சொல்றதுதான் ரேட்டு” என்று சொல்லிவிட்டு, கோழிக்குத் தண்ணீர் திறந்துவிட எழுந்து போனார்.